மூணு மணிக் காப்பி

ஸ்டவ்வுக்குக் காத்து அடிச்சு அடிச்சு வேலுத்தாய்க்கு மணிக்கட்டே விட்டுப்போச்சு. அது நீலமா எரியாம மஞ்சளா நாக்கை நாக்கை நீட்டுச்சு. மண்ணெண்ணெயில எவனோ தண்ணியக் கலந்திருக்கான், கலப்படம் பண்ணாதவன் எவன் இருக்கான் இந்த ஊருலன்னு வாய் வரைக்கும் வந்ததை அங்கனயே முழுங்கிக்கிட்டா. கலப்படத்தைப் பத்திப் பேச அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கு. ஓலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் சைக்கிள் போகுது, சத்தம் கேக்குது, சங்கிலியில ஒரு கண்ணி தேஞ்சு போச்சு, தட்டியத் தாண்டும்போது டக்குனு ஒரு சத்தம், பொறவு அமைதி, பொறவு முப்பது எண்ணுறதுக்குள்ள மறுபடியும் டக்கு. அஞ்சு நாளா அவ காதுக்கு வேற சோலி இல்ல. அரிசி களையும்போதும் எண்ணுறா, பாத்திரம் துலக்கும்போதும் எண்ணுறா, முப்பது முப்பத்தஞ்சாகி நாப்பதாச்சுன்னா கையில இருக்கிறதைப் போட்டுட்டு ஓடிப்போயி தட்டி ஓட்டை வழியா பாக்குறா. அவரு வருவாரு. கண்ணு பாதி மூடி, வாய் கொஞ்சம் தொறந்து, காலு மட்டும் யாரோ கீழே இருந்து கயித்தைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி ஏறி எறங்கிக்கிட்டு. வந்துருவாரு. அவ திரும்பி வந்து அரிசியக் களைவா. கோவில்பட்டியில மில்லு லைன் வீடுகளுக்குப் பின்னாடி இருக்கிற பொட்டல் அது, கரிசல் காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு, நடுவுல ஒரு கம்பத்தை நட்டு மைக்செட்டுக் குழாய் ரெண்டைக் கட்டி, சுத்திக் கயிறு கட்டியிருக்கு. கயித்துக்குள்ள அவ வீட்டுக்காரரு வெயிலுமுத்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு சைக்கிள்ல ஏறுனவரு, இன்னைக்கு வெள்ளி. வர்ற ஞாயிறு ஆறு மணி வரைக்கும் காலு தரையில படக்கூடாது. ஏழு நாளு. சாப்பாடு சைக்கிள் மேல, குளிக்கிறது சைக்கிள் மேல, சவரமும் சைக்கிள் மேல. மத்ததுக்கு என்ன செய்வாருன்னு கேக்காத ஆளு கெடையாது, கேக்கிறவங்க எல்லாம் பொம்பளைங்கதான், ஆம்பளைங்க தாங்களே ஓலை மறைப்புக்குள்ள எட்டிப் பாத்துட்டுப் போயிருவாங்க. அங்கன நட்ட கட்டையில சைக்கிளைச் சாச்சுக்கிட்டு, சீட்டை விட்டு எறங்காம, அம்புட்டுத்தான் சொல்ல முடியும்.

"நூத்திப் பதினாறாவது மணி நேரம்! தாய்மார்களே, பெரியோர்களே, நீங்க மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுட்டுக் கட்டையச் சாச்சிருக்கீங்க, எங்க அண்ணாச்சி வெயிலுமுத்து கண் அசரலை!"ன்னு ஏசுவடியான் மைக்குல கத்துறான். கத்துறதுக்கு அங்கன ஒரு ஈ காக்கா கெடையாது. வெயிலுக்குப் பயந்து எல்லாம் வீட்டுக்குள்ள கெடக்கு, வேப்பமரத்தடியில ரெண்டு நாயும் ஒரு ஐஸ் வண்டியும்தான். ஏசுவடியான் பதினொரு வருசமா இவங்க கூட வர்றான், மைக்செட்டும் அவனுதுதான், நோட்டீஸு அடிக்கிறதும் அவன்தான், வேதக்காரப் பையன், கழுத்துல சிலுவை கெடக்கும், ஆனா எந்த ஊரு கோயில் கொடையா இருந்தாலும் அந்த ஊரு சாமிப்பாட்டை முதல்ல போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பான். நல்லவன். நல்லவன்தான். அவ தண்ணியக் கொதிக்க வச்சா. ட்ரங்குப் பெட்டிக்குள்ள, சேலைக்கு அடியில, காகிதப் பொட்டணம் இருக்கு, அதை அஞ்சு நாளா கோயில் நகை மாதிரி மறைச்சு வச்சிருக்கா. அந்தப் பொட்டணத்தை எடுக்கும்போதெல்லாம் காப்பிக்கொட்டை அரைக்கிற கடைக்காரரு சிரிச்ச சிரிப்பு காதுல கேக்குது. தடிச்ச மனுசன், மூக்குக்கண்ணாடியக் கயித்துல கட்டித் தொங்கவிட்டிருந்தாரு. "ஏம்மா, நாப்பது வருசமா கடை வச்சிருக்கேன், சிக்கரி கூடப் போட்டுட்டேன்னு சண்டைக்கு வர்றவுகளைத்தான் பாத்திருக்கேன். சிக்கரி மட்டும் ஒரு கிலோ குடுன்னு கேட்டு வந்த ஆளு நீ ஒருத்திதான். என்ன, மாட்டுக்கா?"ன்னாரு. "ஆமா, மாட்டுக்குத்தான்"னு சொல்லிட்டு வாங்கிட்டு வந்துட்டா. மாட்டுக்குத்தான். மூணு மாசத்துக்கு முன்னாடி அருப்புக்கோட்டையில ஆறாவது நாளு, கூட்டம் கைதட்டிக்கிட்டு இருக்கு, அவரு சைக்கிள்ல வந்துக்கிட்டே அவளைப் பாத்து, "நெஞ்சுக்குள்ள கோழி ரெக்கை அடிக்குது புள்ள"ன்னாரு, சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, ஆனா உதடு நீலமா இருந்துச்சு. முடிச்சு எறங்குன மறுநாளு பெரியாஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா, தங்கச்சி வயசுதான் இருக்கும், குழாயை நெஞ்சுல வச்சுக் கேட்டா, எடுத்து மறுபடியும் வச்சுக் கேட்டா. பொறவு, "ஒரு நாளைக்கு எத்தனை காப்பி?"ன்னா. அவரு வேலுத்தாயைப் பாத்தாரு. அவ, "சைக்கிள் ஓட்டும்போது இருவது, இருவத்தஞ்சு"ன்னா. பால் விடாத கடுங்காப்பி, கருப்பட்டி போட்டது. அந்தப் பொண்ணு பேனாவைக் கீழ வச்சுட்டு, "அம்மா, உங்க கையாலயே இவரைக் கொன்னுருவீங்க"ன்னு சொல்லுச்சு. அப்படித்தான் சொல்லுச்சு, கோவமாக்கூட இல்ல, பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி. காப்பியும் ஆகாது, கண்ணு முழிக்கிறதும் ஆகாது, இந்தத் தொழிலே ஆகாது. அவரு, "விட்டுட்டேன் தாயி"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. வெளிய வந்து பஸ்ஸுல உக்காந்ததும், "கோவில்பட்டியில ஒரு ஏழு நாளு பேசியிருக்கேன், அது மட்டும்"ன்னாரு.

உங்க கையால. தொழிலை அவளால நிறுத்த முடியாது, பதினாறு வருசமா சொல்லிப் பாத்தாச்சு. கண்ணு முழிக்கிறதை நிறுத்த முடியாது. கையில இருக்கிறது டம்ளர் ஒண்ணுதான். அதுல என்ன இருக்குங்கிறது அவளுக்கும் ஸ்டவ்வுக்கும் மட்டும் தெரியும். கருப்பட்டியக் கூடப் போட்டு, சுக்கை ஒண்ணு ரெண்டாத் தட்டிப் போட்டா, சிக்கரியோட அந்தக் கருகல் கசப்பு காப்பிக் கசப்பு மாதிரியே நாக்குல பிடிக்கும். மொத டம்ளரைக் குடுத்தா, அவரு ஒரு சுத்து குடிச்சுக்கிட்டே போயி மறு சுத்துல காலி டம்ளரை நீட்டி, "இந்த ஊருத் தண்ணி காப்பிக்கு நல்லா இருக்கே"ன்னாரு. அன்னைக்கு ராத்திரி அவ படுத்துக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே அழுதா. அப்புறம் புதன்கிழமை சாயங்காலம் நடந்ததுதான் ஆச்சரியம். அம்புட்டு ஜனம், அவரு ரெண்டு கையையும் விட்டுட்டு, தலையில தண்ணி நெறஞ்ச செம்பை வச்சுக்கிட்டு எட்டு சுத்து சுத்துனாரு, ஒரு சொட்டுச் சிந்தலை. பதினாறு வருசத்துல மூணாவது நாளு இப்படி அவரு ஓட்டி அவ பாத்தது இல்ல. அப்ப இத்தனை வருசமா அந்தக் காப்பி என்ன செஞ்சுச்சு, அது ஒண்ணும் செய்யலையா, கொட்டையில ஒண்ணும் இல்லையா, காப்பின்னு நினைச்சதுதான் தூக்குச்சா, இல்ல அவ கொண்டாந்து குடுத்ததுதான் தூக்குச்சான்னு அவளுக்கு ஒரு கிறுக்கு. ஒரு பெருமை. வெளிய சொல்ல முடியாத பெருமை, அதனாலயே இன்னும் கொஞ்சம் பெருசு. சைக்கிள்காரரைக் கட்டிக்கிட்ட கதை அப்படித்தான், எட்டயபுரம் சந்தைப்பேட்டையில அவரு சுத்த வந்தப்ப அவளுக்குப் பத்தொம்பது வயசு, அவ அய்யா டீக்கடை, காப்பி கொண்டு குடுத்துட்டு வான்னு அய்யாதான் அனுப்புனாரு. டம்ளரை நீட்டுனா, வாங்கிட்டுப் போனாரு, வந்தாரு, "கடுப்பு பத்தலை"ன்னாரு, போயிட்டாரு. சுத்தி வர்றவருக்கிட்ட ஒரு சுத்துக்கு ஒரு பேச்சுதான் பேச முடியும். "பேரு என்ன?" ஒரு சுத்து. "வேலுத்தாய்." ஒரு சுத்து. "படிச்சிருக்கியா?" ஒரு சுத்து. ஏழு நாளும் இப்படி ஒரு வாக்கியம் ஒரு வாக்கியமா பேசி, எட்டாவது நாளு அவரு கீழே எறங்கி அவ முன்னாடி வந்து நின்னப்ப ரெண்டு பேருக்கும் என்ன பேசுறதுன்னே தெரியலை. ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் நிக்க வெக்கமா இருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான், வீட்டுல இருக்கும்போது எதிர எதிர உக்காந்தா பேச்சு வராது, கயித்துக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் அவளும் இருந்தாத்தான் வரும்.

டக்கு. இருவத்தெட்டு. சீக்கிரம் வந்துட்டாரு, வேகமா மிதிக்காரு, எதுக்கு இந்த வெயில்ல. மத்த சைக்கிள்காரனுங்க எல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட்டம் கலைஞ்சதும் மறைப்புக்குள்ள போயி எறங்கி ஒரு மணி நேரம் தூங்குவானுங்க, தொப்பியும் சட்டையும் மாட்டி தம்பிய ஓட்டவிடுவானுங்க, சங்கரன்கோயில்ல ஒருத்தன் அப்படித்தான் தூங்கப் போயி, அவன் தம்பி சைக்கிள்ல இருக்கும்போது அவன் பொண்டாட்டி இருட்டுல ஆளு தெரியாம தம்பிக்கிட்ட குடும்பச் சண்டை எல்லாம் போட்டு, மறுநாளு ஊரே சிரிச்சுச்சு. வெயிலுமுத்து எறங்க மாட்டாரு. "நான் எறங்குனா எனக்குத் தெரியும்ல"ம்பாரு. ஊரு நம்புதோ இல்லையோ, டிக்கெட்டு கெடையாது, சாட்சி கெடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கு நாய் மட்டும் பாக்குது, அந்த நாய்க்காகச் சுத்துறாரு. இந்தப் பிடிவாதம்தான் அவரைக் கட்டிக்க வச்சுச்சு, இந்தப் பிடிவாதம்தான் தாலிக்கு எமன். செவ்வாக்கிழமை காலையில "தலை பிளக்குது"ன்னு நெத்தியில துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டாரு. எப்பவும் வராத தலைவலி. வெயிலுன்னு சொன்னான் ஏசுவடியான். வெயிலுதான்னு அவளும் நினைச்சா, ஏன்னா அவளுக்கும் அன்னைக்கு அதே வலி, பொட்டுல ஆணிய வச்சு அடிக்கிற மாதிரி, கெட்டில்ல மிச்சம் இருக்கிறதைத்தான அவளும் குடிக்கா, சூடாக் குடிச்சும் தீரலை. வெயிலு ரெண்டு பேரையும் சேத்து அடிக்குதுன்னு நினைச்சா. புதன்கிழமை அவருக்கு வலி போயிருச்சு. அவளுக்குப் போகலை, இன்னைக்குத்தான் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கு. ஏன் அவருக்கு மட்டும் போச்சுன்னு அவ யோசிக்கவே இல்ல. ஆம்பளை தெம்பு, தாங்கிக்கிட்டாருன்னு விட்டுட்டா. மனசு அப்படித்தான், வேண்டியதை மட்டும் முடிஞ்சு இடுப்புல சொருகிக்கிடும்.

"என்ன மதினி, அஞ்சு நாளா சுத்துறாரே, எங்கதான் போயிச் சேரப்போறாராம்?"னு கேட்டுக்கிட்டே தட்டிய விலக்கிக்கிட்டு வந்து உக்காந்தா சவுந்தரம். லைன் வீட்டுக்காரி, ஸ்பின்னிங்குல வேலை, மூணு மணிச் சங்குக்கு மில்லுக்குப் போகணும், அதுக்கு முன்னாடி இங்கன வந்து கால் மணி நேரம் வாயாடலைன்னா அவளுக்கு நூலே ஓடாது. "பஸ்ஸுல ஏறியிருந்தா இந்நேரம் காசிக்குப் போயி கங்கையில முங்கிட்டே வந்திருக்கலாம்." வேலுத்தாய் சிரிச்சா. "காசிக்குப் போனா எறங்கணுமே. இவருக்கு எறங்கத்தான் பிடிக்காது." "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, அதுக்கு ஏறத்தான் பிடிக்காது, பத்து வருசமா கட்டில்லயே கெடக்கு"ன்னு சவுந்தரம் சொல்லிட்டு, வெத்தலைய மடிச்சா. பொறவு அவ மாமியாரைப் பத்தி ஆரம்பிச்சுட்டா, மாமியாரு சஷ்டிக்கு விரதம் இருக்காளாம், பச்சைத்தண்ணிதான், விரதம்னா வீட்டுல எல்லாரும் அவளைச் சுமக்கணும், "மொத நாளு ஒண்ணும் இல்ல, ரெண்டாம் நாளு தலைவலின்னு கத்துவா பாரு, லைனே கூடிரும். முருகன் சோதிக்கானாம். முருகன் எதுக்கு இந்தக் கெழவியச் சோதிக்கணும்? காப்பி இல்லாத தலைவலி அது. காலையில சாயங்காலம் காப்பி குடிச்ச மண்டைக்கு அதை நிறுத்துனா மண்டை பிளக்காம என்ன செய்யும்? ஒரு வாய் காப்பிய ஊத்து, முருகன் ஓடிப்போயிருவான்." வேலுத்தாய் சுக்கைத் தட்டிக்கிட்டு இருந்தவ கல்லை அப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தா. ரெண்டாம் நாளு. செவ்வாக்கிழமை. ரெண்டு பேருக்கும். இருவத்தஞ்சு டம்ளர் குடிச்ச மண்டை. வெயிலு இல்ல, அவதான். இது ஊருல ஒவ்வொரு பொம்பளைக்கும் தெரிஞ்ச சங்கதி, ஏகாதசிக்கு அவ அம்மாவே தலையில பத்துப் போட்டுக்கிட்டுப் படுத்திருப்பா, அவளே பாத்திருக்கா, பாத்தும் இந்த அஞ்சு நாளா ஒரு நேரம்கூட அது நெனப்புல வரலையே. "என்ன மதினி, கல்லை முழுங்கப்போறியா?"ன்னா சவுந்தரம். "இல்ல. ஸ்டவ்வு அணைஞ்சிரும்போல"ன்னா அவ. அப்ப புதன்கிழமை அவருக்கு எப்படித் தீந்துச்சு?

அதையும் தேடிப் போக வேண்டியதில்லாம ஏசுவடியானே வந்து நின்னான், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, தொண்டை கம்மிப்போயி. "மயினி, செத்த தண்ணி குடுங்க. அண்ணாச்சிக்கு மாத்திரை குடுக்கணும், நேரமாச்சு." சட்டைப்பையில இருந்து ஒரு அட்டைய எடுத்தான், வெள்ளை மாத்திரை, ரெண்டு குழிதான் பாக்கி, மத்ததெல்லாம் பொத்தல். "என்ன மாத்திரை?"ன்னா. "தலைவலிக்கு மயினி. செவ்வாக்கிழமை ராத்திரியில இருந்து வாங்குறேன், இது மூணாவது அட்டை. அண்ணாச்சி உங்ககிட்ட சொல்லாதன்னாரு, நீங்க டாக்டரு அது இதுன்னு பயப்படுவீகன்னு. கேட்டுச்சுல்ல, புதன்கிழமை பாத்தீகல்ல, செம்பை வச்சுக்கிட்டு என்னா போடு போட்டாரு! மெடிக்கல் கடைக்காரன் அப்பவே சொன்னான், இது வெறும் தலைவலி மாத்திரை இல்ல, இதுல காப்பிச் சத்து போட்டிருக்கு, ரெண்டு போட்டா ஒரு டம்ளர் கடுங்காப்பி குடிச்ச மாதிரி, வண்டிக்காரங்கெல்லாம் இதைத்தான் வாங்குறாங்கன்னு. ஒரு நாளைக்கு ஆறு, எட்டு போடுறாரு. இன்னைக்குக் காலையிலயே ஏழு ஆச்சு." சிரிச்சான். "உங்க காப்பியும் என் மாத்திரையும் சேந்து இழுக்குது மயினி, இல்லைன்னா நடக்குமா." பதினொரு வருசமா கூட இருக்கிறவன், அவருக்கு ஒண்ணுன்னா உசுரைக் குடுப்பான், அவன் மூஞ்சியில ஒரு பொட்டு கெட்ட எண்ணம் இல்ல. அவ அந்த அட்டைய வாங்கி மடியில வச்சுக்கிட்டா. "நான் குடுத்துக்கிறேன். காப்பியோட குடுக்கேன். நீ போயி மைக்கப் பாரு." அவன் போயிட்டான். சவுந்தரமும் எந்திரிச்சுட்டா. "கெளம்புறேன் மதினி, சங்கு ஊதிரும், மேஸ்திரி கேட்டைச் சாத்திருவான்." அவ போறதும் இவளுக்குத் தெரியலை.

டக்கு. இருவத்தேழு. தண்ணி கொதிக்கு. அவரு தலைவலிய அவதான் குடுத்தா, அந்தத் தலைவலிக்குத்தான் அந்த மாத்திரை வந்துச்சு, அவ முன்வாசல்ல அடைச்சது கொல்லைப்புறமா வந்து உக்காந்துருச்சு. கடுங்காப்பியே குடுத்திருந்தா மாத்திரை வந்திருக்காது. கடுங்காப்பி குடுத்திருந்தா இருவத்தஞ்சு டம்ளர், அதுக்கு இது மேலா. மேலான்னு யாரு கண்டா, ஏழு மாத்திரை, காலையில இருந்து ஏழு, வெறும் வயித்துல, வெயில்ல, தூக்கம் இல்லாத ஒடம்புல, அந்த ஆறாவது நாளு நாளைக்குத்தான், கோழி ரெக்கை அடிச்சது ஆறாவது நாளுதான். சிக்கரியப் பொட்டணத்துல இருந்து கொட்டுனா, கருப்பட்டியப் போட்டா. கை தானா செய்யுது. கமுக்கமா இருந்து, மாத்திரைய மட்டும் மறைச்சுட்டா என்ன. தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிரலாம். சொன்னா ஏசுவடியான் இன்னொரு அட்டை வாங்கிட்டு வருவான், மெடிக்கல் கடை இங்கனதான், கூப்பிடு தூரம். வாங்காத, அதுல காப்பி இருக்குன்னு சொன்னா, காப்பிதான குடிக்காரு, அதனால என்னம்பான். அவனுக்குச் சொல்லணும்னா எல்லாத்தையும் சொல்லணும். அவருக்குச் சொல்லணும்னாலும் எல்லாத்தையும் சொல்லணும். சொன்னா என்ன ஆகும். மாத்திரையும் இல்ல, காப்பியும் இல்லைன்னா ராத்திரி தூங்கிருவாரு, தூங்குனா சைக்கிளோட விழுவாரு, மறைப்புக் கட்டையில மண்டை போகும், போன வருசம் ஒருத்தன் அப்படித்தான் போனான். குடுத்தா நெஞ்சு. குடுக்காட்டி மண்டை. அம்பத்தோரு மணி நேரம் இன்னும் இருக்கு. ஓடுறது ஓடட்டும்னு ஞாயித்துக்கிழமை வரைக்கும் சாமிய நேந்துக்கிட்டு உக்காந்திருக்கலாம், ஊருல முக்காவாசிப் பொம்பளைங்க அப்படித்தான உக்காந்திருக்காங்க. அவரு எறங்குனா, ஏழு நாளுன்னு நோட்டீஸு அடிச்சு அஞ்சு நாளுல காலை ஊனுனா, அந்த மனுசன் அதுக்கப்புறம் உசுரோட இருந்தாலும் எப்படி இருப்பாரு. ராத்திரி ரெண்டு மணி நாய்க்கு முன்னாடிகூட எறங்காதவரு. அந்தப் பொண்ணு சொன்னது திரும்பத் திரும்ப வருது, உங்க கையால, உங்க கையால, டக்கு, உங்க கையால, டக்கு. இருவத்தஞ்சு.

சங்கு ஊதுச்சு. மில்லு லைன் நாயெல்லாம் சேந்து ஊளையிட்டுச்சு. அவ டம்ளரை முந்தானையில பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தா, வெளிச்சம் கண்ணுல அறைஞ்சுச்சு. கரிசல் கானல்ல கயிறு, கம்பம், குழாய் எல்லாம் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி ஆடுச்சு. அஞ்சு நாளு ஒரே தடத்துல சுத்திச் சுத்தி டயரு ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளம் பறிச்சிருந்துச்சு. அவரு வந்தாரு. நெத்தியில துண்டு, கன்னம் ஒட்டி, கண்ணு மட்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாம பளபளன்னு. அவ ஏழெட்டு அடி கூடவே ஓடி டம்ளரைக் குடுத்தா, அவரு வாங்கிக்கிட்டுப் போனாரு. மறு சுத்துல காலி டம்ளரை நீட்டி, "தூக்குது புள்ள"ன்னாரு.

"அது காப்பி இல்ல."

அவரு போயிட்டாரு. கேட்டுச்சோ கேக்கலையோ. அந்தக் கோடியில திரும்பும்போது தலையச் சாச்சுப் பாத்தாரு. வந்தாரு. "என்ன சொன்ன?"

"சிக்கரி. ஞாயித்துக்கிழமையில இருந்து சிக்கரிதான் குடுத்தேன்."

ஒரு சுத்து நேராப் பாத்துக்கிட்டுப் போனாரு. அடுத்த சுத்துல, "எதுக்கு?"ன்னாரு.

"உங்க நெஞ்சுக்கு."

மைக்குல ஏசுவடியான், நூத்திப் பதினேழு மணி நேரம் நிறைவு பெற்றதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கான். அவரு வந்தாரு, மூச்சு வாங்குது. "அப்ப அந்தத் தலைவலி?"

"நான் குடுத்ததுதான். அந்த மாத்திரையிலயும் காப்பிதான் இருக்கு. எறங்குங்க. கும்பிடுறேன், எறங்குங்க."

அந்தச் சுத்துக்கு ரொம்ப நேரம் ஆச்சு. அவ எண்ணலை. அவரு மெதுவா வந்தாரு, அவ பக்கத்துல வரும்போது சிரிச்சாரு, உதடு காஞ்சு பல்லு மேல ஒட்டியிருந்துச்சு. "அப்ப மாத்திரைதான் தூக்குதா?"ன்னாரு. "ஏசுவடியான்கிட்டச் சொல்லி இன்னும் ரெண்டு அட்டை வாங்கச் சொல்லு."

உதட்டு ஓரம் அந்த நீலம்.

அவ கயித்துக்கு அடியில குனிஞ்சு உள்ள போனா. டயரு பறிச்ச பள்ளத்துல போயி நின்னா. "மயினி! விலகுங்க மயினி, அண்ணாச்சி வர்றாருல்ல!"ன்னு குழாய் ரெண்டும் அலறுச்சு. ஐஸ் வண்டிக்காரன் எந்திரிச்சு நின்னான். சைக்கிள்ல பிரேக்கு கெடையாது, பாரம் கொறையட்டும்னு கழட்டிப்போட்டு வருசமாச்சு. அவரு வந்தாரு, மணியடிச்சாரு, அவ நகரலை, கடைசி நேரத்துல ஹேண்டுபாரை ஒடிச்சு அவளைச் சுத்திக்கிட்டுப் போயிட்டாரு, அவரு முழங்கை அவ தோள்ல இடிச்சுச்சு. அஞ்சு நாளுல மொத தடவையா ரெண்டு பேரும் தொட்டுக்கிட்டது அது. அவ திரும்பலை. முதுகுக்குப் பின்னாடி சங்கிலிச் சத்தம் தூரமாப் போயி, அந்தக் கோடியில வளைஞ்சு, மறுபடியும் முன்னாடி வருது. ஒரு மனுசியச் சுத்திக்கிட்டுப் போறதுக்கு எம்புட்டு எடம் இருக்கு இந்தப் பொட்டல்ல, நாளைக்கு வரைக்கும் சுத்திக்கிட்டே போகலாம். அவ ரெண்டு கையையும் விரிச்சா. கை எம்புட்டு நீளம் வந்துரும். இருந்தாலும் விரிச்சா.

அவரு வந்தாரு. அவளைப் பாத்தாரு. பள்ளத்தை விட்டு விலகலை. நாலடி இருக்கும்போது வலது காலு பெடலை விட்டுச்சு, அது கீழ எறங்குறதை அவரே வேற யாரோட காலையோ பாக்குற மாதிரி பாத்தாரு, குதிங்காலு கரிசல்ல உரசி உரசி, புழுதி கிளம்பி, முன் சக்கரம் அவ முழங்கால்ல வந்து மெதுவா முட்டி நின்னுச்சு.

மைக்கு நின்னுபோச்சு. குழாயில உய்யுனு ஒரு இரைச்சல் மட்டும்.

"சுடுது"ன்னாரு.

வெறுங்காலு. மூணு மணி வெயிலு மண்ணு. அவ தன் செருப்பைக் கழட்டி அவரு பக்கமாத் தள்ளுனா. அவரு அதைப் போடலை. இன்னொரு காலையும் எறக்கி ஊனுனாரு, நிக்கத் தெரியலை, முழங்காலு ரெண்டும் மிதிக்கிற மாதிரியே வெட்டி வெட்டி இழுத்துச்சு, ஹேண்டுபாரு மேல கவுந்துக்கிட்டாரு. ஏசுவடியான் மைக்கப் போட்டுட்டு ஓடி வர்றான், "என்ன மயினி பண்ணிட்டீக, என்ன பண்ணிட்டீக"ன்னு அழுதுக்கிட்டே வர்றான். அவ அவரு சட்டைக்குள்ள கைய விட்டு நெஞ்சுல வச்சா. அவரு கையத் தட்டி விடலை. அவ மூஞ்சியப் பாக்கவும் இல்ல. காலு நின்ன பொறவும் உள்ள அது நிக்கலை, தாறுமாறா, விட்டு விட்டு, யாரு சொல்லியும் கேக்காம சுத்திக்கிட்டே இருந்துச்சு. அது எறங்குற வரைக்கும் கைய எடுக்கிறதில்லைன்னு அவ நின்னா.